பூனைக்குட்டி வாங்குமுன் உழவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியவை

தை, மாசி மாதங்களில் சம்பா அறுவடை முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்ததும், அதன் பின்னாலேயே எலியும் வந்து சேர்கிறது என்பதை உழவர் பெருமக்கள் யாவரும் அறிவர். வயலில் கதிர் நிற்கும் வரை வரப்பில் வாழ்ந்த எலிகளுள் ஒரு பகுதி, அறுவடைக்குப் பின் தீனி தேடிக் களத்திற்கும், வைக்கோல் போருக்கும், அங்கிருந்து வீட்டிற்கும் குடிபெயர்கின்றது. எலி ஒழிப்பைப் பற்றி ஊர்க்கூட்டங்களில் பேசும்போதெல்லாம் தவறாமல் எழும் ஒரு கேள்வி உண்டு. "நஞ்சு, பொறி, புகை என்று இவ்வளவு சொல்கிறீர்களே, ஒரு பூனையை வளர்த்தால் போதாதா?" என்பதே அது.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் "போதும்" என்றோ "போதாது" என்றோ ஒரே சொல்லில் விடை கூற இயலாது. பூனை எங்கே பயன்படும், எங்கே பயன்படாது, அதை வளர்ப்பதனால் நமக்கு வரும் பொறுப்பு என்ன என்பவற்றை அறிந்த பின்னரே குட்டியைக் கேட்டு அண்டை வீட்டிற்குச் செல்வது நலம். உழவியல் ஆசிரியனுக்குப் பூனையைப் பற்றி என்ன வேலை எனச் சிலர் எண்ணலாம். விளைந்த தானியத்தைக் காப்பதும் உழவியலைச் சேர்ந்ததே. மருந்து, நோய் தொடர்பான இடங்களில் மட்டும் உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரின் சொல்லையே முடிவாகக் கொள்ளுங்கள்.

எலியின் கணக்கு

வளர்ந்த வீட்டெலி ஒன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 கிராம் தானியம் தின்னும். பத்து எலிகள் இருந்தால் நாளொன்றுக்கு 200 கிராம். ஆண்டொன்றுக்கு 73 கிலோ. அதாவது ஏறத்தாழ ஒரு மூட்டை நெல். சாக்கைக் கடித்துச் சிந்துவதும், புழுக்கையாலும் சிறுநீராலும் கெடுப்பதும் இதில் சேரவில்லை. எலி உள்ள இடத்தில் பாம்பு வரும் என்பதையும் நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டியதில்லை. ஆகவே பூனைக்கு ஆகும் செலவைப் பெரிதாக எண்ணுமுன், எலிக்கு இப்போது நாம் அளந்து கொண்டிருக்கும் படியையும் எண்ண வேண்டும்.

பூனையால் ஆவதும் ஆகாததும்

எல்லா எலியையும் எல்லாப் பூனையும் பிடிக்கும் என்று எண்ணுவது தவறு. சுண்டெலியையும் இளம் எலிகளையும் பூனை எளிதில் பிடிக்கும். வளர்ந்த வீட்டெலியை நன்கு பழகிய பூனை பிடிக்கும். பெருச்சாளியைக் கண்டால் பெரும்பாலான பூனைகள் விலகிச் செல்லும். முக்கால் கிலோ, ஒரு கிலோ எடையுள்ள, திருப்பிக் கடிக்கும் பிராணியோடு மூன்று கிலோ பூனை ஏன் மல்லுக்கு நிற்க வேண்டும்? மூஞ்சூறைப் பூனை கொன்று போடும், ஆனால் தின்பதில்லை. மூஞ்சூறு எலி இனத்தைச் சேர்ந்ததன்று. அது பெரும்பாலும் பூச்சிகளைத் தின்று வாழ்வது.

இங்கிலாந்து நாட்டில் சார்ல்ஸ் எல்டன் என்னும் உயிரியல் அறிஞர் பண்ணைப் பூனைகளைப் பற்றி ஆராய்ந்து 1953-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். எலிகள் ஏற்கெனவே பெருகிவிட்ட பண்ணையில் பூனைகளை விட்டால் அவை எலிகளை ஒழித்து விடுவதில்லை. ஆனால் வேறு முறைகளால் எலிகளை ஒழித்துவிட்ட பண்ணையில் பூனைகள் இருந்தால், எலிகள் மீண்டும் குடியேறாமல் காக்கின்றன என்பது அவர் கண்டது. இந்தக் காவலும் கட்டடங்களைச் சுற்றி ஏறக்குறைய 50 கஜ தூரத்திற்கே செல்லுபடியாயிற்று. 2018-ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பெரிய எலிகள் மலிந்திருந்த ஒரு கழிவுப்பொருள் நிலையத்தில் 79 நாட்கள் காமிரா வைத்துக் கவனித்தனர். அங்குத் திரிந்த பூனைகள் அத்தனை நாட்களிலும் கொன்ற எலிகள் இரண்டே இரண்டு. பூனை நடமாடும் நாட்களில் எலிகள் வெளியே வருவது மட்டும் குறைந்தது. எலி கண்ணில் படாததால் எலி ஒழிந்தது என்று நாமும் ஏமாறக் கூடும்.

இவற்றிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் இது: பூனை வீட்டுக்கும் களஞ்சியத்துக்கும் காவல், வயலுக்கு அன்று. நெல் வயலில் எலியைக் குறைக்கத் தஞ்சாவூர் கிட்டியும், எக்டருக்கு 40 முதல் 50 பறவைத் தாங்கிகள் நட்டு ஆந்தைக்கு அமர இடம் தருவதும், வரப்பைச் சிறிதாக அமைப்பதுமே வழி.

முதலில் எலி, பிறகு பூனை

பலர் செய்வது இதற்கு நேர்மாறு. எலி பெருகியதும் பூனையைக் கொண்டு வருகின்றனர். பூனையால் ஆகவில்லை என்றதும் நஞ்சு வைக்கின்றனர். எலி சாகிறது; பூனையும் சாகிறது. இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது அவசியம்.

நம் உழவர்கள் பயன்படுத்தும் எலி நஞ்சுகளில் முக்கியமானவை இரண்டு. சிங்க் பாஸ்பைடு என்னும் கறுப்புப் பொடி, எலியின் இரைப்பையில் உள்ள அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவாக மாறிச் சில மணி நேரத்தில் கொல்லும். இதற்கு மாற்று மருந்து இல்லை. நஞ்சுணவைப் பூனை நேரே தின்றாலும், செரிக்காத நஞ்சு வயிற்றில் தங்கிய எலியைத் தின்றாலும் ஆபத்தே.

இரண்டாவது புரோமோடையோலோன். இது இரத்தம் உறையும் தன்மையை அழிப்பது. இதைத் தின்ற எலி உடனே சாவதில்லை. நான்கு முதல் பத்து நாட்கள் வரை ஆகும். அந்த நாட்களில் அது தளர்ந்து, தள்ளாடி, பகலிலும் வெளியே வந்து கிடக்கும். பூனைக்கு எளிதில் அகப்படுவது இத்தகைய எலியே. நஞ்சு எலியின் ஈரலில் தங்கியிருப்பதால், இப்படிப்பட்ட எலிகளைத் தொடர்ந்து தின்னும் பூனையின் உடலிலும் நஞ்சு சேருகிறது. சில நாட்கள் கழித்துப் பூனை சோர்ந்து படுக்கும்; ஈறு வெளுக்கும்; மூக்கிலோ மலத்திலோ இரத்தம் காணும்; மூச்சு இரைக்கும். நஞ்சு வைத்தது மறந்து போயிருக்கும். "என்னவோ நோய்" என்று விட்டு விடுவார்கள். இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து உண்டு. வைட்டமின் கே1 என்பதை மருத்துவர் சில வாரங்கள் தொடர்ந்து கொடுத்தால் பிழைக்க வழியுண்டு. மருத்துவரிடம் செல்லும்போது எந்த நஞ்சு வைத்தோம் என்பதைச் சொல்லுங்கள். டப்பாவையே எடுத்துச் செல்வது இன்னும் நலம்.

எனவே வேலையின் வரிசை இவ்வாறு இருக்கட்டும். குட்டி வருவதற்கு ஒரு மாதம் முன்பே எலி ஒழிப்பை முடித்துக் கொள்ளுங்கள். நஞ்சு வைப்பதானால் அப்போதே வைத்து, மிஞ்சிய நஞ்சுணவை எடுத்துவிட்டு, நாள்தோறும் செத்த எலிகளைத் தேடி ஆழமாகப் புதைத்துவிட வேண்டும். கடைசிச் செத்த எலியை எடுத்த பின் மேலும் இரண்டு வாரம் பொறுத்திருங்கள். இதற்குள் வளைகளை அடைத்து, கதவின் அடியில் தகரம் அடித்து, கூரை இடுக்குகளைப் பூசி விடலாம். அரை அங்குல இடைவெளி இளம் எலிக்கு வாசல். சுண்டெலிக்குக் கால் அங்குலமே போதும். இதற்குப் பிறகு பூனை வரட்டும். பூனை வந்த பின் அந்த வீட்டில் நஞ்சு கூடாது; பொறி மட்டுமே. அண்டை வீட்டார் நஞ்சு வைக்கும் பழக்கமுடையவரா என்பதையும் விசாரித்துக் கொள்ளுங்கள். பூனைக்கு வேலி இல்லை. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டில் எக்காரணம் கொண்டும் பயன்படுத்த வேண்டாம். அது பூனைக்கு முன் மனிதரைக் கொல்லும்.

மருந்தைப் பற்றிப் பேசும்போதே இன்னும் இரண்டைச் சொல்லிவிட வேண்டும். காய்ச்சலுக்கு நாம் சாப்பிடும் பாராசிட்டமால் பூனைக்குக் கொடிய நஞ்சு. ஒரு மாத்திரையே உயிரைப் போக்கும். பூனையின் உடல் அதைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் அற்றது. அவ்வாறே மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் பெர்மெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற மருந்துகளைப் பூனையின் தெள்ளுப்பூச்சிக்குத் தடவக் கூடாது. மாட்டுக்குத் தெளித்த அன்று மருந்து காயும் வரை பூனையைத் தொழுவத்தில் விடாமல் இருப்பதும் நலம். பூனை தன் உடலை ஓயாமல் நக்கும் பிராணி. மேலே பட்டதெல்லாம் உள்ளே போய்விடும்.

பட்டினி போட்டால் எலி பிடிக்குமா?

"சோறு போட்டால் பூனை சோம்பேறியாகிவிடும், பசித்தால்தான் எலி பிடிக்கும்" என்னும் எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றி இருக்கிறது. வேட்டையாடும் உணர்வு பூனைக்குப் பசியினின்றும் வேறானது. வயிறு நிறைந்த பூனையும் அசையும் எலியைக் கண்டால் பாயும். பட்டினி கிடக்கும் பூனையோ உங்கள் களஞ்சியத்தில் பொறுமையாகக் காத்திராது; எளிதாகக் கிடைக்கும் தீனியைத் தேடி அடுத்த வீட்டு அடுப்படிக்கும், கோழிக்கூண்டுக்கும் போகும். எல்டன் கண்ட பண்ணைப் பூனைகளுக்கும் தினமும் பால் வைக்கப்பட்டு வந்தது; அதுவே அவற்றைக் கட்டடங்களை விட்டு அகலாமல் நிறுத்தியது.

பால் வைப்பது நம் வழக்கமும்தான். ஆனால் வளர்ந்த பூனைகள் பலவற்றிற்குப் பால் செரிப்பதில்லை, கழியும். தண்ணீரே தேவை. இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பூனை முழுமையான புலால் உண்ணி. நாயைப் போல் பழைய சோற்றைத் தின்று அது நலமாக வாழ முடியாது. மீனிலும் இறைச்சியிலும் உள்ள டாரின் என்னும் சத்து கிடைக்காவிட்டால் காலப்போக்கில் கண் பார்வை கெடும், இதயம் பலவீனமடையும். எலி பிடித்துத் தின்னும் பூனைக்கு இது எலியிலிருந்தே கிடைக்கிறது. எலியை ஒழித்த வீட்டில் நாம்தான் கொடுக்க வேண்டும். சோற்றோடு சாளை, நெத்திலி போன்ற மலிவான மீன்களையோ, கறிக்கடையில் கழிக்கும் கோழி ஈரல், இதயம் போன்றவற்றையோ வேகவைத்துப் பிசைந்து இருவேளை வைக்கலாம். கருவாடானால் உப்புப் போக ஊறவைத்துக் கழுவிய பின் சிறிதளவே போதும். புலால் சமைக்காத வீட்டார் இதைப் பூனை வாங்குமுன் தமக்குள் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். இதற்கு இசைவில்லை எனில் பூனை வேண்டாம். பொறியும் வளை அடைப்புமே போதும்.

பெட்டையா, கடுவனா?

ஊரில் எங்கே திரும்பினாலும் பூனைக்குட்டி இலவசமாகக் கிடைப்பதன் காரணத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். பெட்டைப்பூனை ஆறு மாத வயதிலேயே, சில வேளை அதற்கு முன்பே, பருவமடைகிறது. கர்ப்பகாலம் ஏறக்குறைய 9 வாரம். ஓர் ஈற்றில் மூன்று முதல் ஐந்து குட்டிகள். முதல் குட்டிகள் பால் குடித்துக் கொண்டிருக்கும் போதே மறுபடி சினைப்பிடிக்கவும் கூடும். ஆண்டுக்கு இரண்டு ஈற்றில் நான்கு நான்காக வைத்தாலும் எட்டுக் குட்டிகள். அவற்றில் பாதி பெட்டையானால் அடுத்த ஆண்டு அந்த நான்கும் சேர்ந்து குட்டி போடும். இவ்வளவுக்கும் யார் வீட்டில் இடம்?

இடம் இல்லாதபோது என்ன நடக்கிறது என்பது நாம் அறியாததன்று. குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தைத் திடலிலோ, கோயில் வாசலிலோ, ஊருக்கு வெளியே பாலத்தடியிலோ விட்டு வருகின்றனர். கண் திறந்து சில நாளேயான குட்டி அங்கே இரண்டு நாள் தாங்காது. உணவும் நீருமின்றித் தவிக்கும்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடைச் சட்டப்படி குற்றமும் ஆகும். சட்டத்தை விடுங்கள், அதைச் செய்துவிட்டு வரும் நாளில் வீட்டில் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பது எளிதன்று.

இதற்கு வழி கருத்தடை அறுவை ஒன்றே. ஐந்து, ஆறு மாத வயதில், முதல் சினைக்கு முன்பே செய்துவிட வேண்டும். அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையில் இவ்வசதி உண்டா, இல்லையெனில் எங்கே உண்டு, என்ன செலவாகும் என்பதைக் குட்டியைக் கொண்டு வருமுன் விசாரித்து வைத்துக் கொள்ளுங்கள். சென்னை, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் சுற்றுவட்டத்தில் இருப்போர் அங்கும் கேட்டறியலாம். அறுவை செய்தால் எலி பிடிக்காது என்று சிலர் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. கடுவன் பூனைக்கும் அறுவை செய்வது நலம். அறுவை செய்யாத கடுவன், பெட்டையைத் தேடி ஊர் சுற்றும். சண்டையிட்டுக் காயத்தோடு வரும். மூட்டைமேலும் சுவரிலும் சிறுநீர் பீய்ச்சும். தானியம் இருக்கும் வீட்டில் இது பெரும் தொல்லை.

அறுவை செய்வதாக இருந்தால் பெட்டையோ கடுவனோ எதுவானாலும் பரவாயில்லை. குட்டியில் இதை வேறுபடுத்தி அறிவது கடினம். வாலைத் தூக்கிப் பார்த்தால், மலத்துவாரத்திற்கும் அதன் கீழுள்ள துவாரத்திற்கும் இடைவெளி பெட்டையில் குறைவாகவும் கடுவனில் மிகுதியாகவும் இருக்கும். வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் என மூன்று நிறமும் சேர்ந்த குட்டியானால் பார்க்கவே வேண்டாம். அது ஏறக்குறைய எப்போதும் பெட்டையே.

ஆடு வளர்ப்போர் கவனத்திற்கு

பூனையின் மலத்தின் வழியே டாக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் பரவக் கூடும். மலத்தோடு வந்த இந்த நுண்ணுயிர் ஒன்று முதல் ஐந்து நாட்களில் நோய் பரப்பும் நிலையை அடைகிறது. பின்னர் ஈரமான மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். சினையாடுகள் இதனால் கருச்சிதைவுறுவது உண்டு. முதன்முறை இந்நோய் தொற்றும் இளம் பூனைகளே இதை மிகுதியாக வெளியேற்றுகின்றன. ஆகவே தீவனத் தொட்டி, அடர்தீவன மூட்டை, ஆட்டுக்குப் போடும் வைக்கோல் இவற்றின்மேல் பூனை படுக்கவோ மலங்கழிக்கவோ இடந்தரக் கூடாது.

வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் பூனையின் மலத்தை அகற்றும் வேலையை வேறொருவர் செய்ய வேண்டும். நாள்தோறும் தவறாமல் அகற்றினால் நுண்ணுயிர் நோய்நிலை அடையுமுன்பே அது ஒழிந்துவிடும். தோட்டத்தில் களையெடுத்த கையையும், பச்சையாக உண்ணும் காய்கறியையும் நன்கு கழுவுவது எப்போதும் தேவையானதே. இதைக் கேட்டுவிட்டுக் கர்ப்பிணி இருக்கும் வீட்டிலிருந்து பூனையை விரட்டிவிட வேண்டியதில்லை.

இதே கருத்தில் தானியத்தையும் சேர்த்துக் கொள்ளுங்கள். குவித்த நெல் பூனையின் காலுக்கு மணல் போலவே தோன்றும். எலியிடமிருந்து காக்க வந்த பூனையே குவியலில் தோண்டி அசுத்தம் செய்துவிடும். திறந்த குவியலாக வைக்காமல், மூட்டையிலோ மூடிய குதிரிலோ வைத்துப் பாதுகாக்க வசதியுள்ளவர்களுக்கே பூனை ஏற்றது.

வெறிநோய்

வெறிநாய்க்கடிக்கு ஆளான பூனைக்கும் வெறிநோய் வரும். அதன் கடி மனிதருக்கு நாய்க்கடியைப் போன்றே ஆபத்தானது. குட்டிக்கு மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசியும், பின் மருத்துவர் கூறும்படி ஆண்டுதோறும் மறு ஊசியும் போட வேண்டும். பூனை கடித்தாலும், இரத்தம் வரும்படி பிறாண்டினாலும் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்ல வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்க வேண்டாம். தடுப்பூசித் தவணைகளை இடையில் நிறுத்தவும் கூடாது. சிறு பிள்ளைகள் பிறாண்டலை மறைத்துவிடுவர். மறைக்க வேண்டாம் என்று அவர்களுக்குப் பூனை வருமுன்பே சொல்லி வையுங்கள்.

குட்டிகளை விரைவில் கொல்லும் பூனை வயிற்றுப்போக்கு நோய் ஒன்றும் உண்டு. வாந்தி, கழிச்சல், சோர்வு கண்டு ஓரிரு நாளில் இறந்துவிடும். இதற்கும் எட்டு வார வயதிலிருந்து தடுப்பூசி போடலாம். இந்நோயின் நச்சுயிரி வீட்டில் ஓர் ஆண்டு வரை தங்கக் கூடுமாதலால், இவ்வாறு குட்டி இறந்த வீட்டில் தடுப்பூசி போடாத புதுக்குட்டியைக் கொண்டுவருதல் வீண்.

குட்டியைத் தேர்ந்தெடுத்தல்

நிறத்தையும் மச்சத்தையும் பார்ப்பதைவிடத் தாயைப் பாருங்கள். தாய்ப்பூனை நான்காம் வாரம் முதல் செத்த எலியையும், பிறகு குற்றுயிரான எலியையும் கொண்டுவந்து போட்டுக் குட்டிகளைப் பழக்குகிறது. ஆதலால் எலி பிடிக்கும் தாயின் குட்டியை, எட்டு வாரம் தாயோடு இருந்த பின்பே எடுக்க வேண்டும். ஒரு மாதக் குட்டியை அழகாயிருக்கிறதென்று தூக்கி வருவதால் அதற்கும் கேடு, நமக்கும் பயன் குறைவு. மனிதர் கை படாமல் பரணில் வளர்ந்த குட்டி பின்னர்ப் பழகுவது அரிது. இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை கையில் எடுத்துப் பழக்கியதே நல்லது. கண்ணும் மூக்கும் ஒழுகாமல், வாலின் கீழ்ப்பகுதி தூய்மையாக இருக்க வேண்டும். உடல் மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருந்தால் குடற்புழு உண்டு. காதினுள் காப்பித்தூள் போன்ற கறுப்பு அழுக்கு இருந்தால் காதுப் பேன் உண்டு. இவை இரண்டும் தீர்க்கக் கூடியவையே. அதற்காக நல்ல குட்டியைத் தள்ள வேண்டியதில்லை.

நன்கு பேணினால் பூனை பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு வாழும். இன்று பள்ளியில் சேரும் பிள்ளை மேல்நிலைப்பள்ளி முடிக்கும் வரை அது வீட்டில் இருக்கும். உறவினர் வீட்டு விசேஷத்திற்குக் குடும்பத்தோடு நான்கு நாள் போனால் யார் சோறு வைப்பது என்பதற்கு இப்போதே ஒரு விடை வேண்டும்.

வீட்டுக்கு வந்த பின்

நாய் ஆளோடு பழகும்; பூனை இடத்தோடு பழகும். கொண்டுவந்த அன்றே திறந்து விட்டால் பழைய வீட்டைத் தேடி ஓடும். எனவே குட்டியானால் இரண்டு, மூன்று வாரமும், வளர்ந்த பூனையானால் ஒரு மாதமும் ஓர் அறையில் வைத்துப் பழக்குங்கள். உடைந்த பேசின் ஒன்றில் மணலோ சாம்பலோ நிரப்பி மூலையில் வைத்தால் அதிலேயே மலங்கழிக்கப் பழகிவிடும். தீனியை அதற்கு எதிர்மூலையில் வையுங்கள். கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு அருகில் இருந்தால் அதை மூட வழி செய்யுங்கள். டிராக்டர், மோட்டார் சைக்கிள் எஞ்சின் சூட்டை நாடிக் குளிர்நாட்களில் பூனை உள்ளே நுழைந்து படுக்கும். காலையில் கிளப்புமுன் ஒருமுறை தட்டிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

கோழிக்குஞ்சுகளுக்குப் பூனையால் ஆபத்து உண்டு. சிறு வயது முதல் தாய்க்கோழியிடம் கொத்து வாங்கி வளரும் பூனை பெரும்பாலும் குஞ்சை நெருங்குவதில்லை என்றாலும், குஞ்சுகள் ஒரு மாதம் வளரும் வரை இரவில் மூடிய கூடையில் வைப்பதே என் பரிந்துரை.

அடைத்துப் பழக்கிய நாட்கள் முடிந்ததும், முதன்முதலாக வெளியே விடுவதை மாலைத் தீனிக்கு அரைமணி முன்னதாக வைத்துக் கொள்ளுங்கள். தட்டைத் தட்டும் ஓசை கேட்டதும் பசியோடு திரும்பி வரும். இவ்வாறு நாள்தோறும் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டி வந்தால், பத்து நாளில் தொழுவத்தையும் வைக்கோல் போரையும் அது தன் எல்லையாகக் கொண்டுவிடும்.